காலியாகும் நாற்காலி யாருக்கு? கட்டடக்கலைக் குழுக்களும் கரிசல் வீடுகளும்

சித்திரை மாத வெயிலில் ஒருநாள் கயத்தாறு பக்கம் வாருங்கள். நாற்கரச் சாலையை விட்டு இறங்கி, ஏதாவது ஒரு தொகுப்பு வீட்டுக் குடியிருப்புக்குள் நடந்து பாருங்கள். தரையில் கை நுழையும் அளவுக்குக் கரிசல் வெடித்துக் கிடக்கும். அதே வெடிப்பு வீட்டுச் சுவரிலும் இருக்கும். சன்னல் மூலையில் தொடங்கிக் குறுக்காக மேலேறி, லிண்டலைத் தாண்டிக் கூரை வரைக்கும் போகும். ஐப்பசியில் மழை விழுந்ததும் மண் ஊதிக்கொள்ளும். வெடிப்பு கொஞ்சம் மூடும். ஆனால் கதவு நிலையில் இடிக்கும், சாத்த வராது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சிமெண்டைக் குழைத்து அப்புவார்கள். அடுத்த கோடையில் அதே கோடு திரும்பி வரும்.

இது கட்டியவரின் கைப்பிழை மட்டுமல்ல. கரிசல் களிமண் நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் வீட்டின் ஒரு மூலை உயரும், ஒரு மூலை இறங்கும், நடுவே சுவர் பிளக்கும். இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கெட்டித் தரை வரும்வரை வானம் தோண்டலாம். கரிசலை எடுத்துவிட்டு மணலும் சரளும் போட்டு இறுக்கலாம். சுற்றிலும் கம்பி கட்டி பெல்ட் கான்கிரீட் போடலாம். அடியில் குமிழ்போல அகன்ற குத்துத்தூண் அஸ்திவாரம் இந்த மண்ணுக்காகவே நம் நாட்டில் உருவாக்கப்பட்டது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதை வளர்த்தெடுத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அறிவு இருக்கிறது. அது எங்கள் குடியிருப்புக்குத்தான் வந்து சேரவில்லை.

இந்தப் பகுதியில் கட்டட வேலையிலேயே தலை நரைத்த ஒரு கொத்தனாரிடம் கேட்டோம். "வானத்தத் தோண்டுனா ஆளு மறையிற ஆழத்துக்கும் கரிசலுதான் தம்பி. பேப்பர்ல போட்டிருக்க ஆழத்துக்கு மேல தோண்டுனா காசு யாரு குடுப்பா? பேப்பர் போட்டவுகளுக்கு இந்த மண்ணத் தெரியாது. தெரிஞ்ச எங்கள ஒருத்தரும் கேக்கல" என்றார்.

அவருடைய கடைசி வாக்கியம்தான் இந்தக் கட்டுரை.

யாரைக் கேட்கிறார்கள்?

அரசு எந்தக் கட்டடத்தைக் கட்ட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும், எதைப் பாதுகாக்க வேண்டும் என்று ஆலோசனை சொல்லக் குழுக்கள் இருக்கின்றன. மாநிலத்தில் இருக்கின்றன, ஒன்றியத்தில் இருக்கின்றன. இவற்றில் ஓர் இடம் காலியானால் ஓர் அரசாணை வரும், ஒரு பெயர் வரும், செய்தித்தாளில் ஒரு மூலையில் நான்கு வரி வரும். நம்மில் யாரும் அதைப் படிப்பதில்லை. தேர்வாணையப் பட்டியல் வந்தால் இனச்சுழற்சியை வரி வரியாகச் சரிபார்க்கும் நாம், இந்த நியமனங்களைக் கண்டுகொள்வதே இல்லை. அது படித்த மேன்மக்களின் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். அவர்களுக்கும் அதுதான் வசதி.

தமிழ்நாட்டில் மரபுச் சின்ன ஆணையத்துக்கான சட்டம் 2012இல் நிறைவேறியது. பல ஆண்டுகள் அது தாளிலேயே கிடந்தது. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்கள், தொன்மைச் சின்னங்கள் தொடர்பாக 75 உத்தரவுகளைப் பிறப்பித்தபோது, அந்த ஆணையத்தை அமைக்கவும் சொன்னது. அதில் யார் யார் இருக்க வேண்டும் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. தொல்லியல் துறை, பொதுப்பணித் துறை, அறநிலையத் துறையின் பொறியாளர், வரலாற்றறிஞர், கட்டமைப்பு வல்லுநர், ஸ்தபதி என்று பட்டியல் நீண்டது. துறைகளுக்கு இடம் உண்டு, பட்டங்களுக்கு இடம் உண்டு, ஆகமம் அறிந்தவருக்கும் இடம் உண்டு. சேரியில் பிறந்தவருக்கு என்று ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சே எழவில்லை.

ஒன்றிய அளவிலும் கதை இதுதான். கட்டடக் கலைஞர்கள் சட்டம் 1972இல் வந்தது. கட்டடக் கலைஞர் என்று யார் தன்னை அழைத்துக்கொள்ளலாம் என்பதையே தீர்மானிக்கும் மன்றத்தை அது உருவாக்கியது. அந்த மன்றத்தில் யார் உட்கார வேண்டும் என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. தொழில்முறைச் சங்கம் தேர்ந்தெடுப்பவர்கள், கல்லூரித் தலைவர்கள், அரசுத் துறைகளின் தலைமைக் கட்டடக் கலைஞர்கள், மாநிலத்துக்கு ஒருவர், பொறியாளர் சங்கத்தார், நில அளவையாளர் சங்கத்தார். பட்டியல் சாதியினருக்கு இடமில்லை. கட்டும் தொழிலாளிக்கு இடமில்லை. குடியிருப்பவருக்கும் இடமில்லை.

ஆக, நுழைவுச்சீட்டு ஒன்றே ஒன்றுதான்: ஏற்கெனவே உள்ளே இருப்பவர் உங்களை அறிந்திருக்க வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தகுதி'.

கட்டடத்துக்குச் சாதி உண்டா?

"கட்டடக்கலையில் கூடவா சாதியைக் கொண்டுவருகிறீர்கள்?" என்று கேட்பார்கள். நாம் கொண்டுவரவில்லை. அது செங்கல்லும் கருங்கல்லுமாக முன்பே நின்றுகொண்டிருக்கிறது.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. அதற்கும் போராட்டம் வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய தனியார் சுற்றுச்சுவர் ஒன்று அருந்ததியர் வீடுகளின் மேல் சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். ஒரு சுவர் எவ்வளவு உயரம் இருக்கலாம், அதன் அடித்தளம் எதைத் தாங்கும், அதன் நிழலில் யார் வீடு இருக்கிறது என்பவை கட்டடக்கலைக் கேள்விகள் இல்லையா? கோபுரத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழ வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்த நாட்டில், அந்தச் சுவரின் நிழலை ஏன் யாரும் கணக்குப் போடவில்லை?

ஊரிலிருந்து தள்ளி, பள்ளத்தில், நீர் வடியும் திசையில், சுடுகாட்டுப் பக்கம் எங்கள் தெருக்கள் இருப்பதும் ஒரு வரைபடம்தான். யாரோ போட்ட வரைபடம். தலைமுறை தலைமுறையாக அதைத் திருத்தாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நம் கண்ணில் பட்டதிலேயே கறாராகப் பாதுகாக்கப்பட்ட 'மரபுச் சின்னம்' அதுதான்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் பலகையில் பெயர் மாறினாலும் வரைபடம் மாறவில்லை. வரைபடத்தை மாற்றும் மேசையில் நமக்கு நாற்காலி இல்லை.

எது நினைவுச்சின்னம்?

கயத்தாற்றுக்காரர்களான நமக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியது இல்லை. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட மண் இது. நடிகர் சிவாஜி கணேசன் இடம் வாங்கி 1970இல் இங்கே சிலை வைத்தார். வெள்ளையர் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1974இல் அரசே நினைவுக் கோட்டையாக எழுப்பியது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். இல்லாமல் போன கோட்டையைக்கூட அரசு நினைத்தால் எழுப்ப முடியும். அப்படியானால் நினைவுச்சின்னம் என்பது பழையதாக நிற்பது மட்டுமல்ல, நினைக்கப்பட வேண்டும் என்று அதிகாரம் தீர்மானிப்பது. கேள்வி, அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதுதான்.

கட்டபொம்மன் படையில் நின்று உயிரைக் கொடுத்த வீரன் சுந்தரலிங்கம் இதே வட்டாரத்துக் கவர்னகிரியைச் சேர்ந்தவர், தேவேந்திரகுல வேளாளர். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டபோது தென்மாவட்டங்கள் என்ன பாடுபட்டன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. ஒரு தகரப் பலகையில் எழுதிய பெயருக்கே இவ்வளவு என்றால், கல்லில் செதுக்கும் நினைவை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது சின்ன விஷயமா?

இன்னொன்று. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் பக்கம் கொடியன்குளத்துக்குள் காவல்துறைப் படை புகுந்தது. வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் எங்கள் மக்கள் கட்டிய நல்ல வீடுகள் குறிவைத்து நொறுக்கப்பட்டன. குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. அவர்கள் கண்ணை உறுத்தியது ஆட்கள் மட்டுமல்ல, அந்த வீடுகளும்தான். தலித் ஒருவர் காரை வீடு கட்டினால் அது அரசியல் என்பதை இடித்தவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். நம் கட்டடக்கலைக் குழுக்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை. அந்தக் கிணறு ஏதாவது மரபுச் சின்னப் பட்டியலில் என்றாவது இடம்பெறுமா? இப்போது குழுக்களில் இருப்பவர்கள் இருக்கும்வரை அந்தக் கேள்வி மேசைக்கே வராது.

ஒரு பெயர் போதுமா?

இந்த இடத்தில் நாம் ஏமாறக்கூடாது. நாளை ஓர் இடம் காலியாகி, நம்மவர் ஒருவர் பெயர் அரசாணையில் வரலாம். பொன்னாடை போர்த்தலாம், படம் எடுத்துப் பகிரலாம். அதோடு முடிந்துவிடுமா?

அமெரிக்காவைப் பாருங்கள். வாஷிங்டனில் அரசுக் கட்டடங்கள், நினைவுச்சின்னங்களின் வடிவமைப்புக்கு ஆலோசனை சொல்லும் நுண்கலை ஆணையம் 1910இல் அமைக்கப்பட்டது. உறுப்பினர் ஏழு பேர், நியமிப்பவர் குடியரசுத் தலைவர். டிரம்ப்பின் முதல் ஆட்சி முடியும்போது ஏழு பேரும் வெள்ளை ஆண்கள். 2021 மே மாதம் பைடன் அவர்களில் நான்கு பேரை நீக்கிவிட்டு, கறுப்பினத்தவர், ஆசிய வம்சாவளிப் பெண் உள்ளிட்ட நான்கு பேரை நியமித்தார். பலரும் கொண்டாடினார்கள். 2025 அக்டோபரில் மறுபடி வந்த டிரம்ப், பதவியில் இருந்த ஆறு உறுப்பினர்களையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார். ஆட்சியாளரின் தயவில் வந்த இடம், ஆட்சியாளரின் கோபத்தில் போய்விட்டது.

பாடம் இதுதான். நமக்கு வேண்டியது பெயர் அல்ல, விதி. அழைப்பு அல்ல, உரிமை. அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டுக்குப் போனது தனக்கு ஒரு நாற்காலி கேட்க அல்ல. பிரதிநிதித்துவத்தைச் சட்டமாக எழுதிவைக்கக் கேட்டார்.

சட்டத்தில் எழுத முடியாதா என்றால், தமிழ்நாட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, கோயில் அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரும், பெண் ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் அதை எப்படி நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்பது தனிக்கதை. ஆனால் விதி இருப்பதால்தான் அந்த இடம் காலியாக இருக்கும்போது நம்மால் சண்டை போட முடிகிறது. நம்மை வாசலுக்கு வெளியே நிறுத்திய கோயிலின் நிர்வாகக் குழுவிலேயே சட்டப்படி இடம் உண்டு. அரசு கட்டும் கட்டடத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் ஏன் இல்லை?

2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க மசோதாக்கள் நிறைவேறின. மனம் இருந்தால் நியமனத்தையும் சமூகநீதிக் கருவியாக்கலாம் என்று அரசே காட்டியிருக்கிறது.

'தகுதி' என்ற பூட்டு

அடுத்து வருவது எப்போதும் வரும் கேள்வி: "தரம் குறையாதா?"

இப்போதைய தரத்தைத்தான் சுவரில் பார்க்கிறோமே. கணக்கைப் பாருங்கள். 2011இல் வந்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய். 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். பரப்பும் பணமும் கூடியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தஞ்சை வண்டலுக்கும் தேரி மணலுக்கும் கரிசலுக்கும் ஒரே தொகை. ஒன்றிய அரசின் பிரதமர் வீடு திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம் என்று வேறுபாடு வைத்தார்கள். மலை ஏறினால் செலவு கூடும் என்று குழுவில் யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். கரிசலில் இறங்கினால் செலவு கூடும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அஸ்திவாரத்துக்குப் போக வேண்டிய கூடுதல் பணத்தை எங்கள் மக்கள் கந்துவட்டிக்கு வாங்குகிறார்கள், இல்லையென்றால் வெடித்த சுவருக்குள் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறார்கள்.

தரம் குறைவது யார் உள்ளே வருவதால்? யார் வராததால்?

அரசு நினைத்தால் வரைபடத்துக்குள் சமத்துவத்தை எழுத முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு. தனித்தனித் தெருவாக இல்லாமல் கலந்து ஒதுக்கினார்கள். அதன் குறைகளைப் பற்றி நமக்குள் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்பது அரசின் கையில் உள்ள முடிவு என்பதை அது நிரூபித்தது. அப்படியான முடிவுகளை எடுக்கும் இடத்தில்தான் நாம் உட்கார வேண்டும்.

நமக்குள்ளும் ஒரு கேள்வி

பட்டியல் சாதிக்கு ஓர் இடம் என்று கேட்கும்போது, அதில் யார் என்ற கேள்வியும் வரும். அதை மழுப்பக்கூடாது. கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரத்தில் சாக்கடையிலும் குப்பையிலும் வேலை செய்யும் அருந்ததியர் வீடுகளின் நிலை நம் எல்லோருடைய நிலையையும்விடக் கீழே இருக்கிறது. 2009இல் மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, மாநிலங்கள் உள் ஒதுக்கீடு தரலாம் என்று தீர்ப்பளித்தது. வேலைக்கும் படிப்பிற்கும் பொருந்தும் நியாயம், குழு நியமனத்துக்கும் பொருந்தும். சுழற்சி முறை இல்லாவிட்டால், நம்மில் கொஞ்சம் மேலே ஏறியவர்களே அந்த நாற்காலியில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்வோம்.

பெண்களின் இடமும் அப்படித்தான். செங்கல் சுமக்கும் சித்தாள், அந்த வீட்டிலேயே அடுப்பெரிக்கும் பெண், குளியலறை இல்லாததால் இருட்டும்வரை காத்திருக்கும் பெண் ஆகியோருக்குத் தெரிந்தது எந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்திலும் இல்லை.

எனவே நாங்கள் கேட்பது இவை:

ஒன்று, கட்டடக்கலை, மரபுச் சின்னம், நகரமைப்பு, வீட்டுவசதி தொடர்பான எல்லா அரசு ஆலோசனைக் குழுக்களிலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குக் குறைந்தது இரண்டு இடங்கள் சட்ட விதியாக வேண்டும். அதில் ஒருவர் பெண். உட்பிரிவுகளுக்குச் சுழற்சி வேண்டும்.

இரண்டு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்ற தொழிலாளி ஒருவர் வாக்குரிமையுடன் உறுப்பினராக வேண்டும். சாட்சி சொல்ல அழைக்கப்படுபவராக அல்ல.

மூன்று, குழுக்களின் வேலைவரம்பில் அரண்மனை, கோயில், வெள்ளைக்காரன் கட்டிய மாளிகையோடு தொகுப்பு வீடும் சேர வேண்டும். அயோத்திதாசர் பண்டிதர் பெயரிலான குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்தப் பணம் எந்த வடிவத்தில் தெருவுக்கு வருகிறது என்று அந்தத் தெருவே சொல்ல வேண்டும்.

நான்கு, கரிசல் மண்ணுக்குத் தனி அஸ்திவார வடிவமைப்பும் அதற்கான கூடுதல் தொகையும் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவத் தோழர்களே, இதற்குப் பெரிய மாநாடு வேண்டியதில்லை. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் ஒரு மனு எழுதுங்கள். வீட்டுவசதித் துறையின்கீழ் எத்தனை ஆலோசனைக் குழுக்கள் உள்ளன, எந்த அரசாணைப்படி, உறுப்பினர்களின் தகுதிவிதி என்ன, மொத்த உறுப்பினர்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெயர்வாரியாகச் சாதியைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். எண்ணிக்கையாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளில் உங்கள் தெருவின் வெடித்த வீடுகளை எண்ணிக்கையோடு தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். வெறும் "வீடு பழுது" என்று எழுதவிடாதீர்கள். "மண்ணுக்குப் பொருந்தாத வடிவமைப்பு" என்று எழுதச் சொல்லுங்கள். கட்டடக்கலை, சிவில் படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு விமான நிலையமும் அருங்காட்சியகமும் வரைந்தது போதும். ஒருவராவது தன் தெருவை அளந்து வரையட்டும். நாளை அந்த நாற்காலிக்கு "ஆள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். அப்போது நீட்ட நம் கையில் ஒரு கட்டு வரைபடம் இருக்க வேண்டும்.

அந்தக் கொத்தனாரிடம் மறுபடி போனோம். இப்படிக் கேட்கப்போகிறோம், குழுவில் உங்களைப் போன்ற ஒருவர் உட்கார வேண்டும் என்று எழுதப்போகிறோம் என்று சொன்னோம். சிரித்தார். "அங்க போயி நான் என்ன தம்பி பேசுவேன்?" என்றார். பிறகு அவரே கொஞ்ச நேரம் கழித்து, "முதல்ல மண்ணத் தோண்டிப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லுவேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அங்கே ஆள் வேண்டும்.

ஜெய் பீம்!